கேக்குதா என்று கேட்டவள்

அந்த டப்பா ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. டிவியின் பின்பக்கம் ஒரு ஒயரால் சொருகிவிட்டால், டிவியில் வரும் சத்தத்தைக் காற்றிலேயே அனுப்பும். நாலு எட்டு தள்ளி ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் அது கேட்கும். வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாக ஓரத்தில் கடுகளவு பச்சை விளக்கு ஒன்று எரியும். ஓசூரில் வாழும் எங்கள் மகள் அவளுடைய அப்பாவுக்காக ஆன்லைனில் ஆர்டர் போட்டு அனுப்பியிருந்தாள்.

என் வீட்டுக்காரர் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் இருபத்தாறு வருஷம் ஷேவிங் மிஷினில் நின்றவர். ஈரத் தோலை உள்ளே விட்டால் உருளையில் இருக்கிற கத்திகள் அதைச் சீவி ஒரே கனமாக்கித் தரும். அது போடுகிற சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாணமான புதிதில் சாப்பாடு கொடுக்கப் போனவள், வாசலிலேயே தூக்கை வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றேன். காதை அடைத்துக்கொள்ள ஷாப்பில் ஏதோ கொடுத்துத்தான் இருந்தார்கள். இவர் வைக்க மாட்டார்.

"காத அடைச்சிக்கினா கை போயிடும் மே" என்பார்.

தோல் எங்கே தடியாக வருகிறது, கத்தி எங்கே மழுங்குகிறது எல்லாம் அவருக்குச் சத்தத்தில்தான் தெரியும். இருபத்தாறு வருஷம் கழித்துப் பத்து விரலையும் முழுசாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். காதைத்தான் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

ஒரே நாளில் போகவில்லை. முதலில் காதுக்குள் வண்டு இரைகிற மாதிரி இருக்கிறது என்றார். அவர் அதைச் சொன்ன அன்று நான் செய்ததை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மூன்று நாள் சாப்பிடவில்லை. நான் வேலை செய்கிற ஷூ கம்பெனியில் தலை சுற்றித் தையல் மிஷின்மேலேயே சாய்ந்துவிட்டேன். அடுத்த வாரம் சோளிங்கருக்குப் போய் மலைப்படி முழுக்க வெறும் வயிற்றோடு ஏறி, பாதியில் விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டு வந்தேன். என் சுபாவமே அப்படி. காற்றில் கதவு அடித்துக்கொண்டால்கூட யாருக்கு என்ன ஆச்சோ என்று எழுந்து ஓடுகிறவள். அதற்குப் பிறகு அவர் காதைப் பற்றி வாய் திறந்ததில்லை. சரியாகிவிட்டது போல என்று நானும் இருந்துவிட்டேன்.

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு அவருக்கு ஒரே பொழுதுபோக்கு, டிவியில் தெருக்கூத்து பார்ப்பது. யாரோ திருவிழாவில் எடுத்துப் போட்ட வீடியோக்கள். என் போனிலிருந்து நெட் எடுத்து டிவியில் போட்டுவிடுவேன். அவருக்குச் சொந்த ஊர் ஆலங்காயம் பக்கம். இளவட்டமாக இருந்தபோது மேளச் சத்தம் எந்தப் பக்கம் கேட்டாலும் அந்தப் பக்கம் நடந்துவிடுவாராம். ஐந்தாறு கூத்துகளைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்வார். அதிலும் ஒன்று ரொம்பப் பிடிக்கும். அதில் வருகிற கோமாளி, கட்டியங்காரன், ராஜாவையே கிண்டல் பண்ணுவான். இவர் தொடையில் தட்டித் தட்டிச் சிரிப்பார்.

டிவியின் சத்தம் மாசத்துக்கு மாசம் ஏறியது. எங்களுடையது ஐந்து வீடு ஒட்டினாற்போல இருக்கிற லைன் வீடு. நடுவில் ஒற்றைக்கல் சுவர்தான். பக்கத்து வீட்டுப் பெண் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அவள் அம்மா என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காத. அண்ணன் போடுற கூத்துல எம்பொண்ணு கெமிஸ்ட்ரி பரீட்சைக்கு கிரீடம் வச்சிக்கினு போயிடுவா போலகீது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் மனசு அடித்துக்கொண்டது. அந்தப் பெண் பெயிலாகிவிட்டால் அந்தப் பழி எங்கள் தலையில் என்று தூக்கம் போய்விட்டது. மகளுக்குப் போன் போட்டு அழுதேன். அப்படித்தான் டப்பா வந்தது.

உடன் வந்த காகிதம் முழுக்க இங்கிலீஷ். நான் ஒன்பதாவதில் பாதியில் நின்று ஷூ கம்பெனிக்கு நூல் வெட்டப் போனவள். எழுத்துக் கூட்டி ஒரு வரி படித்தேன், அதற்குமேல் மகள் போனில் சொல்லச் சொல்ல மாட்டி, டிவியின் சொந்த ஸ்பீக்கரையும் செட்டிங்கில் நிறுத்திவைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. ஹெட்போனை அவர் தலையில் வைத்தேன். கூத்து ஓடியது. கொஞ்ச நேரம் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு கண்கள் அகலமாயின.

"முகவீணை ஊதுறது கேக்குது மே! அந்த ஆளு மூச்சு வாங்குறதுகூட கேக்குது!"

வீடே அமைதியாக இருந்தது. டிவியில் ராஜா வேஷக்காரர் குதிப்பது மட்டும் தெரிகிறது, சத்தம் இல்லை, இவர் ஒருத்தர் மட்டும் தொடையில் தட்டிச் சிரிக்கிறார். நான் அன்று நிம்மதியாக இரண்டு சப்பாத்தி அதிகமாகத் தின்றேன்.

மூன்றாவது நாள் "இன்னாமோ உறுமுதே" என்றார். நான் மாட்டிப் பார்த்தேன். வசனத்துக்கு அடியில் ம்ம்ம் என்று ஒரு முனகல். டப்பாவுக்கான கரண்டை நான் டியூப்லைட்டும் பேனும் போகிற அதே பலகையில் சொருகியிருந்தேன். எடுத்து டிவியின் பக்கவாட்டில் இருக்கிற ஓட்டையில் சொருகினேன், முனகல் போய்விட்டது. ஒரு வாரம் கழித்து டிக்டிக்கென்று பல்லி மாதிரி ஒரு சத்தம். நெட் நன்றாக வரட்டும் என்று என் போனை டப்பாமேலேயே வைத்திருந்தேன். அதைத் தள்ளி ஜன்னலில் வைத்ததும் நின்றது. அப்புறம் ஒரு காதில் மட்டும் கேட்கிறது என்றார். பார்த்தால் ஒயரின் முனை டிவியில் முழுசாக இறங்காமல் அரைகுறையாக நின்றிருந்தது. அழுத்தினேன், டக்கென்று உட்கார்ந்தது. கம்பெனியில் என் மிஷினில் ஒரு தையல் தாண்டினால் ஊசியா, நூலா, பாபினா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பேன். அந்தப் பழக்கம்தான் கை கொடுத்தது.

அப்போதெல்லாம் குறை சொன்னது அவர்தான். அதை நான் ஞாபகம் வைத்திருந்திருக்க வேண்டும்.

டப்பா வேலை செய்யச் செய்ய எனக்குப் புதுப் பயம். தூசி அடைந்துவிடுமோ, பல்லி விழுந்து கருகிவிடுமோ. எங்கள் ஊரில் எதற்கும் தோலில் உறை தைத்துவிடுவோம். ரிமோட்டுக்கு உறை, போனுக்கு உறை, ரேஷன் கார்டுக்கு உறை. பிட்டுக் கடையில் கம்பெனிகள் கழித்த துண்டுத் தோல் எடை போட்டு விற்பார்கள். அங்கே லேடீஸ் செருப்புக்கு வருகிற வெள்ளித் தோலில் ஒரு துண்டு கிடைத்தது. மேலே பளபளவென்று வெள்ளித் தகடு ஒட்டினது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று இரண்டு மடிப்பாக வைத்து, ஓரம் மடித்து, விளக்கு தெரிகிற மாதிரி ஒரு சின்ன ஓட்டை விட்டுத் தைத்தேன். டப்பா நகைப் பெட்டி மாதிரி ஆகிவிட்டது.

"கல்யாணப் பொண்ணு மாதிரி கீது" என்றார் அவர்.

இரண்டு வாரம் போயிருக்கும். அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம், ஹெட்போனைத் துடைக்க எடுத்தவள் டிவியைப் போட்டுவிட்டுச் சும்மா மாட்டிப் பார்த்தேன். ஒரு வார்த்தை வருகிறது, அடுத்த மூன்று வார்த்தை இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் வெறும் இரைச்சல். எழுந்து டிவி பக்கத்தில் போனால் திரும்பவும் வருகிறது. அவர் உட்கார்கிற இடத்துக்கு எதுவுமே வந்து சேரவில்லை.

அவர் வந்ததும் கேட்டேன். "இன்னாங்க, சத்தம் உட்டுஉட்டு வருதே, நீங்க ஏன் சொல்லல?"

"வருதே. நல்லாத்தான் வருது" என்றார், என் வாயையே பார்த்தபடி.

எனக்காக அனுசரித்துப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கரண்டு ஓட்டை, போன், ஒயர் என்று எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். ஹெட்போனில் பேட்டரி போய்விட்டதோ என்று ஒருநாள் முழுக்க சார்ஜ் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் டப்பாவை உறையோடு எடுத்துக்கொண்டு பஜாரில் டிவி ரிப்பேர் பண்ணுகிற பாயிடம் போனேன். அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருமா தைச்சது? தையல் சூப்பரா கீது."

"நான்தான் பாய்."

"மழைக்கோட்டு மாட்டி உட்டுட்டு, போய் குளின்னு சொன்னா எப்டிமா?"

எனக்குப் புரியவில்லை. அவர் உறையைக் கழற்றி மேஜைமேல் போட்டார். "இது காத்துல சத்தத்த அனுப்புது. நீ சுத்தி தகடு போட்டு மூடிட்ட. அது உள்ளயே பேசிக்கினு கீது, பாவம். வெறுமன வையிமா. தூசி வந்தா துடை, அவ்ளோதான். ஜாஸ்தி பயந்தா பொருளு கெட்டுப்போவும்." காசு வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து வெறும் டப்பாவை வைத்தேன். மாட்டிப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. அவர் தலையில் வைத்தேன்.

"கேக்குதா?"

"கேக்குது."

அன்று முதல் அதுவே வழக்கமாகிவிட்டது. கம்பெனியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே ஹெட்போனைத் தொட்டுக் காட்டி "கேக்குதா?" என்பேன். தலையை ஆட்டுவார். காபி கொடுக்கும்போது கேட்பேன். தலையை ஆட்டுவார். மழை பெய்தால் கேட்பேன், ஈரக் காற்றில் சத்தம் நனைந்துவிடுமோ என்றுகூட எனக்குத் தோன்றும். அவர் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை.

ஐப்பசி மாசம் ஒரு சாயங்காலம் இடி இடித்தது. நான் ஓடிப்போய் டப்பாவைப் பிடுங்கி எடுத்துவிட்டேன். டிவியையும் நிறுத்தினேன். இடி நின்ற பிறகு டிவியைப் போட்டுக் கூத்தை ஓடவிட்டுச் சமையலுக்குப் போய்விட்டேன். டப்பாவை மறுபடி சொருக மறந்துபோனேன். வெங்காயம் அரிந்துகொண்டிருக்கிறேன், அவர் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. தொடையில் தட்டுகிற சத்தமும். எனக்கும் சிரிப்பு வந்தது. எட்டிப் பார்த்தேன்.

ஹெட்போன் அவர் தலையில் இருந்தது. திரையில் கட்டியங்காரன் ராஜாவின் மீசையை இழுத்துக்கொண்டிருந்தான். ஸ்டாண்டின்மேல் டப்பா, ஒயர் சுருட்டினது சுருட்டினபடி கிடந்தது. பச்சை விளக்கு எரியவில்லை.

கையில் கத்தியோடு அப்படியே நின்றேன். அடுத்த கிண்டலுக்கு, சரியாக அந்த இடத்தில், மறுபடியும் சிரித்தார்.

அந்தக் கூத்தை அவர் எத்தனை தடவை பார்த்திருப்பார். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று அவருக்கு மனப்பாடம். வெள்ளித் தோல் உறைக்குள் டப்பா தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்த அந்த இரண்டு வாரமும் அவர் இப்படித்தான் சிரித்திருக்கிறார். அதற்குப் பிறகு நான் சுத்தமான சத்தத்தை அனுப்பிய மாசங்களிலும் இப்படித்தானா? இல்லை, கொஞ்சமாவது கேட்டதா? எந்த நாளோடு நின்றது?

மறுநாள் நான் ஒரு காரியம் செய்தேன். டப்பாவில் விளக்கு எரிந்தது, எல்லாம் சரியாக இருந்தது. ரிமோட்டில் சத்தத்தைச் சுத்தமாக நிறுத்தி, ஹெட்போனுக்கு எதுவும் போகாமல் செய்துவிட்டு அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன். "கேக்குதா?" என்று ஹெட்போனைத் தொட்டேன். என் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். புன்னகைகூடச் செய்தார். கட்டின புருஷனைத் திருடனைப் பிடிக்கிற மாதிரி பிடித்துவிட்டேன் என்று எனக்கு அழுகை வந்தது. புடவையால் முகத்தைத் துடைக்கிற மாதிரி எழுந்து உள்ளே போனேன்.

சண்டை போட்டு, கெஞ்சி, மகளையும் வீடியோவில் கூப்பிட்டு அழவைத்து, சத்துவாச்சாரியில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வழி முழுக்க வெளியே பார்த்தபடியே வந்தார். அங்கே பாதி கண்ணாடி வைத்த சின்ன ரூம் ஒன்று. உள்ளே அவரை உட்காரவைத்து ஒரு பெரிய ஹெட்போன் மாட்டினார்கள். கையில் ஒரு பொத்தான். காதில் சத்தம் வந்தால் அமுக்க வேண்டும், வராவிட்டால் சும்மா இருக்க வேண்டும். டெஸ்ட் பண்ணுகிற பெண்ணுக்கு எங்கள் மகள் வயசு இருக்கும். அவள் பின்னால் நின்று நான் கண்ணாடி வழியாக அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அமுக்கினார். கொஞ்சம் விட்டு மறுபடி அமுக்கினார். இன்னொரு தடவை. எனக்கு உயிர் வந்தது. கேட்கிறது, கேட்கிறது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பெண் கையை எடுத்துவிட்டாள். மிஷினையே தொடவில்லை. அவர் அமுக்கினார்.

"அம்மா, நான் சத்தமே வைக்கல. அப்பா அவரா அமுக்கிக்கினு இருக்காரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். மறுபடி எடுத்தார்கள். டாக்டர் ஒரு தாளைக் காட்டினார். இடது காதில் ஒன்றும் இல்லை. வலது காதில் கனத்த சத்தம் கொஞ்சம் தெரியும், பேச்சு பேச்சாகப் போய்ச் சேராது. காது மிஷின் வைத்தாலும் கதவு தட்டுவது, வண்டி ஹாரன் தெரியலாம். மனுஷர் பேச்சு தெரியும் என்று நம்பிக்கை வைக்க வேண்டாம். முன்னாலேயே வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார்.

வெளியே வந்து டீக்கடை ஓரத்தில் நின்றோம். நான் அவர் வலது காதில் வாயை வைத்துக் கத்தினேன். கேட்காது என்று தெரிந்த பிறகும் கத்தினேன். டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "ஏங்க அமுக்கினீங்க? சத்தம் வராதப்ப ஏன் அமுக்கினீங்க?"

கத்தியது போய்ச் சேர்ந்ததோ, என் வாயசைவைப் படித்தாரோ. டம்ளரைக் கடையில் திருப்பிக் கொடுத்தார்.

"நீ கண்ணாடியாண்ட நின்னு பாத்துக்கினு இருந்தியே மே" என்றார்.

பஸ்ஸில் வரும்போது நான் அழவில்லை. அழுதால் அவர் பார்ப்பார். பள்ளிகொண்டா தாண்டும்வரை ஒன்றுதான் மனசில் ஓடியது. ஒயரைப் பார்த்தேன், கரண்டைப் பார்த்தேன், போனைத் தள்ளி வைத்தேன், உறையைக் கழற்றினேன். இந்தப் பக்கம் இருக்கிற எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளிடம், அவர் உண்மையைச் சொல்லிவிட முடிகிற மாதிரி ஒருநாளாவது கேட்டேனா? கேக்குதா, கேக்குதா என்று கேட்டதெல்லாம் கேள்வியே இல்லை. கேக்குதுன்னு சொல்லிடு என்று கெஞ்சினதுதான். அவரும் இரக்கப்பட்டுக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு நான் கேட்பதை விட்டேன். சுலபமாக விட முடியவில்லை. வாய்வரை வரும், பல்லைக் கடித்துக்கொள்வேன். தினமும் சாயங்காலம் டப்பாவைச் சொருகி, கூத்தைப் போட்டு, ஹெட்போனை அவர் மடியில் வைத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். அவரும் எடுத்து மாட்டிக்கொள்வார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பார். ஆனால் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன்.

ஒரு பத்து நாள் போயிருக்கும். கூத்து ஆரம்பித்திருந்தது. அவர் ஹெட்போனைக் கழற்றினார். கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"கேக்கல மே" என்றார்.

தன் குரலே தனக்குத் தெரியாததால் கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்கும். இத்தனை வருஷம் எந்த வார்த்தைக்குப் பயந்து ஓடினேனோ அது வீட்டு நடுவில் வந்து நின்றது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஷேவிங் மிஷினுக்குள் போகிற தோலைப் பார்க்கிற மாதிரி. நான் விழவில்லை. தலையை ஆட்டினேன், ஒரே ஒரு தடவை, அவருக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி.

அவர் தோள் இறங்கியது. பெரிய மூட்டை ஒன்றைக் கீழே வைத்த ஆள் மாதிரி பின்னால் சாய்ந்துகொண்டார். பிறகு ஹெட்போனை என்னிடம் நீட்டினார். போடு என்று கையால் காட்டினார்.

மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பச்சை விளக்கு எரிந்தது. முனகல் இல்லை, டிக்டிக் இல்லை, இரண்டு காதிலும் சமமாக வந்தது. முகவீணை வந்தது, தாளம் வந்தது, வேஷக்காரர் மூச்சு வாங்குவதுகூட வந்தது. கட்டியங்காரன் உள்ளே நுழைந்ததும் அவர் டிவியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்தேன். சரியான இடத்தில்தான் சிரித்தேன்.